உம்மைத்தொகை

"மூக்கைத் தொடுங்க. இப்ப என் விரலைத் தொடுங்க.
மறுபடி மூக்கு."
கோரிமேட்டு ஆஸ்பத்திரி, பதினோராம் அறை.
மூக்குக்கு வழி தெரிந்திருந்தது.
விரலுக்குப் போகும் வழியில்
என் வலது கை காற்றில் யாருடைய கையெழுத்தையோ போட்டுவிட்டு
ஷெரின் டாக்டரின் கைக்கடிகாரத்தில் போய் இறங்கியது.
"கோஆர்டினேஷன் கொஞ்சம் கம்மியா இருக்கு"
என்றார், மலையாளம் ஓரம் கட்டிய தமிழில்.
உப்பு கொஞ்சம் கம்மி என்பதைப் போல.

அரசு அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாக
மெய்ப்புத் திருத்துகிறவள் நான்.
அந்தச் சொல்லின் தமிழை எனக்குத் தெரியும்.
வெள்ளத்துக்கு ஓர் ஒருங்கிணைப்புக் குழு,
கொசுவுக்கு ஒன்று,
கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்த ஒன்று,
இந்தக் குழுக்களை ஒருங்கிணைக்க இன்னொன்று.
அமைத்த ஆணை அரசிதழில் வரும்.
கலைத்த ஆணை இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை.
எங்கேயோ இன்னும் கூடி பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் அதில் பார்த்ததெல்லாம் ஒரே எழுத்து.
மூன்று சுழியா, இரண்டு சுழியா?
ஒரு சுழி விட்டுப்போனால் இணை இனையாகிவிடும்.
பழைய அகராதியில்
இனைதல் என்றால் வருந்துதல்.
பென்சிலால் வட்டம் போடுவேன், ஓரத்தில் ஒரு ண.
எத்தனை வருத்தத்தை அப்படித் திருத்தியிருப்பேன்,
எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் பஸ்சில் ஜன்னல் ஓரம்
சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
ஒருங்கு: எல்லாம் ஒரே இடத்தில், ஒரே நொடியில்.
இணை: செருப்புக்குச் சொல்வோமே, அது.
ஒன்றில் ஆரம்பித்து இரண்டில் முடிகிறது.
என் கை நின்ற இடம்
அந்த இரண்டுக்கும் நடுவில்தான் போலிருக்கிறது.

பெர்னதெத் போனில் தேடிச் சொன்னாள்,
லத்தீனில் அதன் வேர் வரிசையாம்,
அதற்கும் அடியில், தறியில் ஏற்றிய நூல் வரிசை என்கிறார்களாம்.
"எங்கப்பா ரோடியர் மில்லுல இருந்தாரு,
இதைச் சொல்லவே இல்ல பாரு" என்று சிரித்தாள்.
ஒரு நூல் அறுந்தால் தறி நிற்குமா, ஓடுமா?
கேட்கவில்லை.

இலக்கணத்தில் எனக்குப் பிடித்தது உம்.
கையும் என்று தனியே நின்றால்
அந்த உம் வேறெதையோ தேடும்.
காலும் வந்தால்தான் உட்காரும்.
பழகிவிட்டால் இரண்டு உம்மும் மறைந்துவிடுகின்றன,
கைகால் என்கிறோம்,
அது எங்கே என்று யாரும் கேட்பதில்லை.
என் உடம்பில்
மறைந்திருந்ததா, தொலைந்திருந்ததா
என்று தெரியாமல் ஆறு மாதம்
சட்டைப் பொத்தானைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன்.
பெர்னதெத் மூலப்படியை வாய்விட்டுப் படிப்பாள்,
நிறுத்தற்குறியையும் சேர்த்து.
நான் அச்சுப்படியில் பென்சிலை ஓட்டிக்கொண்டே போவேன்.
பதினெட்டு வருஷமாக இப்படித்தான்.
ஒரு காலத்தில் ரயில் வேகம்;
ஃபோர்மேன் ஆல்பர்ட் சார்
ஜெபமாலை சொல்றீங்களா என்பார்.

அன்றைக்குத்தான் கவனித்தேன்.
ஒவ்வொரு வரி முடிவிலும் அவள் கொஞ்சம் நிற்கிறாள்.
பழைய படிகளை எடுத்துப் பார்த்தேன்.
ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் போனது
ஜூலையில் முப்பத்தொன்று,
ஆகஸ்டில் இருபத்தாறு.
டாக்டருக்கு முன்னால், எனக்கு முன்னால்
இவளுக்குத் தெரிந்திருக்கிறது.
தொண்டை கட்டியிருக்கு என்று
மேலே காரணம் சொல்லியிருக்கிறாள்.
பொய்தான். தினமும் மத்தியானம் ஐஸ் மோர் குடிக்கிறவள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்:
"மேற்கண்ட பணிகளுக்கென காற்புள்ளி
ஒருங்கிணைப்புக் குழு ஒன்று அமைத்து"
நின்றாள்.
பென்சில் மேல்வரிக்கு ஏறி, வழுக்கி,
கமாவைத் தாண்டி, திரும்பி
சுழிகளை எண்ணியது.
மூன்று.
"வந்துட்டியா?"
"வந்துட்டேன். படி."